மாமல்லபுரம் வழியாக நெதர்லாந்து

ஹோட்டலில் சர்வர் வந்து நின்றால், அவர் மற்ற மேஜைகளை எல்லாம் கவனித்துவிட்டுத் திரும்பி வரும் வரை யோசித்து, கடைசியில் கணவரைக் கைகாட்டி, "அவருக்குச் சொன்னதே எனக்கும்" என்று சொல்லும் ரகம் நான். தோசை விஷயத்தில் இந்தக் குணத்தால் பெரிய சேதம் வந்துவிடாது. ஐரோப்பாவில் இருக்கும் ஒரு நாட்டுக்கு எந்த மாதம் போவது, போனால் எத்தனை நாள் இருப்பது என்கிற முடிவை என் கையில் கொடுத்ததுதான் தப்பு. (கொடுத்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் பெருமூச்சு விடுகிறார்கள்.)

நாடு நெதர்லாந்து. என் தங்கை வித்யாவுக்கும் அவள் கணவனுக்கும் அங்கே வேலை. நாங்கள் திருச்சிக்காரர்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த ஊரில் எங்களுக்கென்று ஒரு வாசல்படி இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள். நான் கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்துவிட்டேன். அவள் கொஞ்சம் அதிக தூரம் போய்விட்டாள்.

"அக்கா, ஒரு தடவை வாயேன்" என்று அவள் முதல் வருடம் கூப்பிட்டபோது, டிசம்பரில் போகலாம் என்றேன். பிறகு அங்கே டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும் என்று படித்தேன். என் மகன் நிலவனுக்குப் பனி ஆகாது. ரத்து. இரண்டாம் வருடம் ஜூலை என்றேன். பள்ளிக்கூடம் திறந்திருக்குமே என்று பிறகுதான் உறைத்தது. ரத்து. மூன்றாம் வருடம் அவள் கெஞ்சவில்லை.

"அக்கா, வீடு வாங்கியிருக்கோம். நீ வந்துதான் பால் காய்ச்சணும். வாடகை வீட்டை ஏப்ரல் கடைசியில காலி பண்ணணும். அதுக்குள்ள வா. இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன். கோபமெல்லாம் இல்ல, எனக்கு அலுத்துப்போச்சு."

கோபம் என்றால் சமாதானப்படுத்திவிடலாம். அலுத்துப்போச்சு என்பதற்கு என்ன செய்வது? இந்தத் தடவை எப்படியும் போயே தீருவது என்று முடிவு செய்தேன். தேதியைத்தான் முடிவு செய்யவில்லை.

நான் எம்.எஸ்ஸி. வேதியியல். நிலவன் பிறக்கும் வரை பள்ளியில் பாடம் எடுத்தவள். எதையும் ஆராய்ந்து செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நானே ஆராயாமல் இருக்க முடியுமா? இணையத்தில் ஒருவர், நெதர்லாந்துக்கு ஐந்து நாள் போதும், சின்ன நாடு என்றார். இன்னொருவர், ஒரு மாதம் வாழாமல் அதைப் பார்த்தேன் என்று சொல்லவே கூடாது என்றார். ஒரு வாரத்துக்குக் குறைந்தால் தூக்கக் கலக்கம் தெளிவதற்குள் திரும்ப வேண்டும். இரண்டு வாரம் தாண்டினால் தங்கையே ஆனாலும் முகம் சுளிப்பாள். நேரடியாகவே கேட்டேன்.

"எத்தனை நாள் இருந்தா உனக்குத் தொந்தரவு இல்லாம இருக்கும்?"

"ஒரு வருஷம்" என்றாள்.

இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்வதா, பாசம் என்று எடுத்துக்கொள்வதா என்று யோசித்ததில் மேலும் ஒரு வாரம் போனது.

இதற்கிடையில் அவளுடைய ஊரின் வானிலையைக் கைபேசியில் போட்டுவைத்துத் தினமும் பார்க்க ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் காலை, "அய்யய்யோ, இன்னைக்கு மழை!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மாடியில் வடகம் காயப்போட்டிருந்த என் மாமியார், முட்டிவலியையும் மறந்து படியேறி ஓடி, ஈர வடகத்தையெல்லாம் துணியோடு சுருட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"இங்க இல்ல அத்தை. வித்யா ஊர்ல."

அத்தை சுருட்டின வடகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அங்க மழ பேஞ்சா அங்க சொல்லு. இங்க இன்னாத்துக்குச் சொல்ற?"

என் கணவர் செந்திலுக்கு நாவலூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதுதான் தொழில். (வீட்டுக்கு வந்தால் அதற்குத் தேவையே இல்லை, எல்லாம் கண்ணெதிரே நிற்கும்.) அவர் ஒரு நாள் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அபி, நிலவனுக்குப் பரீட்சை எப்ப முடியுது?"

"ஏப்ரல் மூணாவது வாரம். ஆனா ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி எப்படி..."

"ஒண்ணாங்கிளாஸ்மா. அவன் என்ன கலெக்டருக்கா எழுதறான்? துலிப் பூ எதுவரைக்கும் இருக்கும்?"

"மே முதல் வாரம்னு சிலர் சொல்றாங்க. சிலர் ஏப்ரல் நடுவுலயே..."

"எனக்கு லீவு எத்தனை நாள் குடுப்பாங்க?"

அதை அவரேதான் சொல்ல வேண்டும். சொன்னார். பரீட்சை, பூ, லீவு, வித்யா வீடு காலி செய்யும் நாள் எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்தால் மிஞ்சியது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளி மாலை விமானம், சனிக்கிழமை இறங்குவது, ஞாயிறு பால் காய்ச்சுவது, திங்கள் வித்யா பழைய வீட்டுச் சாவியைக் கொடுப்பது, மொத்தம் பத்து நாள் இருப்பது. விசா விண்ணப்பம் என்னைவிடக் கறாரானது. எந்தத் தேதி நுழைவாய், எந்தத் தேதி வெளியேறுவாய் என்று கேட்டது. "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுத அதில் இடம் இல்லை. செந்தில் என் கையைப் பிடித்து எழுதவைக்காத குறை.

விசா வந்தது. டிக்கெட் வந்தது. அத்தைக்கு வெள்ளிக்கிழமை என்று சொன்னேன். அவர் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

"வெள்ளிக்கெழம மேக்க சூலம். நீங்க போற ஊரு எந்தப் பக்கம்?"

"மேற்கு" என்றேன், குற்றம் செய்தவள் மாதிரி.

"தேதிய மாத்து."

செந்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "யம்மா, மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒரு தேதியில நிக்கறா. அசைக்காத" என்றார்.

அத்தை மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். எதற்கும் ஒரு மாற்று வழி வைத்திருப்பார். "அப்பன்னா பரஸ்தானம் வச்சிடலாம்" என்றார். எனக்கு அது புதிது. கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் நம் பையை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பிவிட்டதாகவே கணக்கு. பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் அது நடுவழிதான், புறப்பாடு இல்லை. "ஆனா ஒண்ணு, வச்ச பையத் திருப்பி வூட்டுக்குள்ள கொண்டாரக்கூடாது. நீங்களும் கெளம்பினா திரும்பிப் படியேறக்கூடாது. பைய எடுத்துகினு அப்டியே போய்கினே இருக்கணும்."

யார் வீட்டில் வைப்பது? அத்தை யோசிக்கவே இல்லை. "மாமல்லபுரத்துல நம்ம ஏகாம்பரம் வூட்ல."

ஏகாம்பரம் செந்திலின் சித்தப்பா மகன். சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுகிறவன். "அத்தை, மாமல்லபுரம் நமக்குக் கிழக்கே இருக்கு. நாங்க போறது மேற்கே" என்று பூகோளம் சொன்னேன்.

"வெள்ளக்காரன் எல்லாம் எங்க வந்து எறங்கறான்? செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுலயா? மாமல்லபுரத்துலதானே? அவன் வர்ற வழி தெரிஞ்சிதான் வர்றான்."

இதற்கு எம்.எஸ்ஸி. வேதியியலில் பதில் இல்லை.

புதன்கிழமை நல்ல நாள். பையில் என்ன வைப்பது என்று கேட்டேன். ஒரு துணி, கொஞ்சம் அரிசி, ஒரு மஞ்சள் கிழங்கு போதும் என்றார் அத்தை. இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் செய்வது என்று ஆகிவிட்டால் ஒழுங்காகச் செய்ய வேண்டாமா? நான் வைக்கப்போவது பழைய நூல் புடவை. அது நெதர்லாந்துக்கு வரப்போவதில்லை. அப்படியானால் கிளம்பியது நானா, புடவையா? உண்மையில் பயணம் செய்வது எது? பாஸ்போர்ட். விசா ஒட்டியிருப்பது அதில்தான். அது கிளம்பினால்தான் நாங்கள் கிளம்பியதாக அர்த்தம்.

இன்னொரு காரணமும் இருந்தது. நிலவனுக்கு வகுப்பில் ஒரு நட்சத்திர முத்திரை பரிசாகக் கிடைத்திருந்தது. அதை அவன் ஃபிரிட்ஜ் கதவு, அத்தையின் மூக்குக் கண்ணாடிக் கூடு, செந்திலின் அலுவலகச் சட்டை என்று எல்லாவற்றிலும் குத்திக்கொண்டிருந்தான். விசாவில் ஒரு ஊதா நட்சத்திரம் விழுந்தால்? பாஸ்போர்ட் வீட்டில் இல்லாமல் இருப்பதே பத்திரம் என்று தோன்றியது. மூன்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, புடவைக்கு அடியில் வைத்து, சின்ன சூட்கேஸை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் செந்தில் சிரிப்பார் என்ற பயம்.

புதன் காலை ஏகாம்பரமே வந்து வாங்கிக்கொண்டு போனான். "இன்னா அண்ணி, பொட்டி மட்டும் மொதல்ல போவுதா? நீங்க அப்பால வருவீங்களா? ஜோரு!" என்றான்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் கழிந்து, மதியம் வாடகைக் காரில் கிளம்பினோம். மாமல்லபுரம் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, அப்படியே கடற்கரைச் சாலை வழியாக விமான நிலையம். ஏறும்போது செந்தில் கேட்டார், "பாஸ்போர்ட்?"

"பத்திரமா இருக்கு" என்றேன். அந்த நிமிடத்தில் அது பொய் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமல்லபுரத்தில் ஏகாம்பரம் வீடு முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. அவன் மனைவி தேவி ஏணியிலிருந்து இறங்கி வந்தாள்.

"வாங்கக்கா! அவரு சவாரி போயிருக்காருக்கா. ரெண்டு வெள்ளக்காரங்கள இட்டுகினு வேடந்தாங்கலுக்கு. நாஸ்தா கூடத் துன்னாம விடியங்காட்டியே போனாரு. மதியத்துக்குள்ள வந்துர்றேன்னாரு."

"சூட்கேஸ் எங்க தேவி?"

"அதுவா? வூட்ல வெள்ளையடிக்கறோம்ல, கற பட்ரும்னு வண்டியிலயே பத்திரமா வச்சிகினு கீறாரு."

செந்தில் ஏகாம்பரத்துக்குப் போன் போட்டார். தேவி வீட்டு ஃபிரிட்ஜின் மேலிருந்து ஒரு குத்துப்பாட்டு ஒலித்தது. "சார்ஜ் போட்டுட்டு மறந்துட்டாரு போலக்கா" என்றாள் தேவி.

செந்தில் பதறவில்லை. "சரி, விடு. ஒரு பழைய புடவைதானே? அம்மாகிட்ட எடுத்துகிட்டோம்னு சொல்லிக்கலாம். வா, போலாம்" என்று காரை நோக்கி நடந்தார். நான் நடக்கவில்லை.

"என்ன?"

"புடவை மட்டும் இல்ல."

"அரிசிதானே?"

"அரிசி இருக்கு."

"வேற என்ன?"

சொன்னேன். அவர் கேட்டில் சாய்ந்தார். கேட்டுக்கும் அன்று காலைதான் வெள்ளை அடித்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என் கணவர் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டு அதற்குப் பெயர் வைக்க முடியாமல் நின்றதைப் பார்த்தேன்.

காரை வேடந்தாங்கலுக்குத் திருப்பச் சொன்னதும் டிரைவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், ஏர்போர்ட்டுன்னு புக் பண்ணீங்க. இப்ப வேடந்தாங்கல்ன்றீங்க. பறவ மேல ஏறிப் போப்போறீங்களா?"

வேடந்தாங்கலுக்குப் போக வேண்டுமானால் வந்த வழியே செங்கல்பட்டுக்குத் திரும்பி, அதைத் தாண்டிப் போக வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் நிலவன், "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்றான். எங்கள் தெரு அடுத்த திருப்பம். செந்தில், "வீட்டுல நிறுத்தவா?" என்றார்.

"வேண்டாம்! படியேறக்கூடாது!" என்று நான் கத்தினேன். செந்தில் திரும்பி என்னைப் பார்த்தார். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவள் நான் என்பதை எல்லோருமே அப்போது நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நிலவனைப் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்கு அழைத்துக்கொண்டு போனார் செந்தில். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகத் துணி காற்றில் ஆடுவது அங்கிருந்தே தெரிந்தது.

வேடந்தாங்கலில் ஏரி வற்றி, கரை வெடித்துக் கிடந்தது. ஒரு கொக்கு கூட இல்லை. ஏப்ரல் கடைசியில் எந்தப் பறவை இருக்கும்? வேனும் இல்லை. இளநீர்க் கடைக்காரர், "அந்த வெள்ள வேனா? அந்தம்மா பறவ எங்க, பறவ எங்கன்னு கேட்டுகினே இருந்தாங்க. பேஜாரா பூட்ச்சி அவனுக்கு. பெரிய ஏரி காட்றேன்னு மதுராந்தகம் இட்டுகினு போய்ட்டான்" என்றார்.

மதுராந்தகம் ஏரிக்கரையில், ஒரு புளியமரத்தடியில் கண்டுபிடித்தோம். வேன் நின்றது. ஏகாம்பரம் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தான். தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரர் கேமராவோடு வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி நிழலில் உட்கார்ந்து நுங்கை விரலால் தோண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணி! இன்னா, நீங்களும் பறவ பாக்க வந்தீங்களா? ஒண்ணுமே இல்ல அண்ணி, எல்லாம் பூட்ச்சி!"

"ஏகாம்பரம், எங்க சூட்கேஸ் எங்க?"

"பத்திரமா கீது அண்ணி. அதோ, அந்தம்மா அது மேலதான் குந்திகினு கீறாங்க."

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து அவசரமாக எழுந்தார். நான் மண்ணில் முட்டி போட்டு சூட்கேஸைத் திறந்து, அரிசியைச் சிதறடித்து, துணிப்பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நாகரிகமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, ஆங்கிலத்தில், நாங்கள் இன்று நெதர்லாந்துக்குப் போகிறோம் என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நாங்கள் அங்கிருந்துதான் வந்திருக்கிறோம்! துலிப் பார்க்கவா போகிறீர்கள்?"

"ஆமாம்."

"அடடா. இந்த வருடம் சீக்கிரமே வெயில் வந்துவிட்டது. எல்லாம் முடிந்து, பூவை வெட்டிவிட்டார்களே. நீங்கள் ஏன் இப்போது போகிறீர்கள்?"

"நீங்கள் ஏன் இப்போது வந்தீர்கள்?"

"பறவை பார்க்க" என்றார் அவர், ஈனக் குரலில்.

பூ இல்லாத ஊருக்கு நானும், பறவை இல்லாத ஊருக்கு அவரும். அவரும் இணையத்தில் நிறையப் படித்துத்தான் தேதி குறித்திருப்பார் என்று தோன்றியது. கையில் இருந்த நுங்கில் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுராந்தகத்திலிருந்து சென்னை போகிற பெரிய சாலையில் எத்தனை வண்டிகள் போகும் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பெருமாள்கோவிலில் அழ ஆரம்பித்த நிலவன் கூடுவாஞ்சேரியில் தூங்கிவிட்டான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குள் ஓடினோம். கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள், "க்ளோஸ் பண்ணிட்டோம் மேடம்." செந்தில் கைபேசியில் தேடினார். மூன்று பேருக்கும் சேர்ந்து அடுத்த இடம் செவ்வாய்க்கிழமைதான்.

வித்யாவுக்கு நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். பரஸ்தானம், வெள்ளையடிப்பு, வேடந்தாங்கல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"ஞாயித்துக்கிழமை நீ காய்ச்சிடு வித்யா. நான் வீடியோவுல பாத்துக்கறேன்."

"சரிக்கா, வை" என்றாள். அவ்வளவுதான். அலுத்துப்போனவர்களின் குரல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்து அத்தை. "வூட்டுக்கு மட்டும் வந்துடாதீங்க!" என்றார் எடுத்த எடுப்பில். "பையோட கெளம்பியாச்சு. இப்ப படியேறினா மொத்தமும் போச்சு. ஏகாம்பரம் வூட்லயே இருங்க." ஏகாம்பரம் வீட்டில் சுண்ணாம்பு காயவில்லை. அவன் தன் வெள்ளைக்காரர்கள் தங்கியிருந்த சின்ன லாட்ஜிலேயே எங்களுக்கும் ஓர் அறை பிடித்துக் கொடுத்தான். சொந்த வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், பாஸ்போர்ட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் வெளிநாட்டுப் பயணத்தைத் தொடங்கினோம்.

பெரிய பெட்டிகளில் இருந்தவை எல்லாம் ஸ்வெட்டரும் கம்பளிச் சாக்ஸும். மாமல்லபுரத்து வெயிலில் போட முடிந்த ஒரே துணி, சகுனத்துக்காக வைத்த அந்தப் பழைய நூல் புடவை. நான்கு நாளும் அதைத்தான் துவைத்துத் துவைத்துக் கட்டினேன். செந்திலுக்கு ஏகாம்பரத்தின் லுங்கி.

நிலவன் விஷயம்தான் விபரீதம். காரில் தூங்கியவன், விமான நிலையத்திலும் தோளில் தூங்கி, லாட்ஜ் கட்டிலில்தான் கண் விழித்தான். ஜன்னலில் கடல். கீழே முற்றத்தில் அந்த டச்சு அம்மாள் உட்கார்ந்து அப்பம் மாதிரி எதையோ கத்தியால் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்துத் தன் மொழியில் காலை வணக்கம் சொன்னார்.

"அம்மா, நெதர்லாந்து வந்துடுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செந்தில், "வந்துடுச்சுடா" என்றார். பழிவாங்குகிறார் என்று புரிந்தது. அவன் பால்கனியில் வெகுநேரம் நின்று ஊரைப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன்மா எல்லாரும் தமிழ் பேசறாங்க?"

மத்தியானம் அத்தை தூக்குவாளியில் புளிசோறு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அதைப் பார்த்த பிறகும் அவன் சந்தேகப்படவில்லை. "பாட்டி, நீயும் ப்ளேன்ல வந்தியா?" என்று மட்டும் கேட்டான். அத்தை தினமும் வந்தார். "ஃபாரின்ல கீற புள்ளைங்களுக்குச் சோறு எடுத்துகினு போறேன்" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு வருவாராம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வித்யாவிடமிருந்து வீடியோ வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது அத்தைக்கு ஒரே திருப்தி. "செவ்வாக்கெழம மேக்க சூலம் கெடையாது. பைய வேற வெள்ளக்காரங்களே தூக்கிகினு போய் ஊர்கோலம் காட்டிட்டாங்க. இப்பத்தான் எல்லாம் கரீக்ட்டு" என்றார். அம்மாவையும் வேடந்தாங்கலுக்கு அனுப்பியிருக்கலாம் என்று செந்தில் முணுமுணுத்தார்.

அந்த ஊர் விமான நிலையத்தின் கதவு திறந்ததும் வித்யா நின்றிருந்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய். என் மூன்று வருடத்துச் சாக்குகளும் வரிசையாக வாய்க்கு வந்தன. "வித்யா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அப்புறம்" என்று என் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கினாள். "சீக்கிரம் நடக்கா. பசிக்குது."

திங்கட்கிழமையே புது வீட்டுக்குக் குடி வந்துவிட்டார்களாம். அக்கா வந்து பால் காய்ச்சாமல் அடுப்பைத் தொடக்கூடாது என்று இவள் சொல்லிவிட, புருஷனும் பெண்டாட்டியும் ரொட்டியையும் பச்சைக் காய்கறியையும் தின்றுகொண்டு, அந்தக் குளிரில் ஒரு வாய் காபி இல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். போனை எடுத்தால் அழுதுவிடுவேன், அழுதால் நீ மனசு மாறி ஒரேயடியாக ரத்து செய்துவிடுவாய், அதனால்தான் எடுக்கவில்லை என்றாள். பூ முடிந்துபோனதை ஏன் சொல்லவில்லை என்றதற்கும் அதே பதில்தான். "சொன்னா அடுத்த வருஷம்னு சொல்லியிருப்ப."

புது அடுப்பின் முன் நின்று பாத்திரத்தில் பாலை ஊற்றினேன். அது நல்ல நேரமா, கெட்ட நேரமா, பார்ப்பதென்றால் நம்மூர் மணிக்கா இந்த ஊர் மணிக்கா என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதுவே எனக்குப் பெரிய சாதனை. பால் பொங்கியது. வித்யாவின் கணவன் அது இறங்குவதற்குள் மூன்று டம்ளரோடு வந்து நின்றான்.

மூன்று வருடம் ஆராய்ந்து நான் கண்டுபிடித்த பத்து நாள், கடைசியில் ஏகாம்பரத்தின் வேன் புண்ணியத்தில் ஆறு நாள் ஆனது. துலிப் தோட்டம் பார்க்கவும் போனோம். தலை வெட்டிய பச்சைத் தண்டுகள் வரிசை வரிசையாக நின்றன. போட்டோவைப் பார்த்த அத்தை, "வெங்காயத் தாளு நல்லா வந்து கீது" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதற்கும் என்னிடம் தேதி கேட்பதில்லை. தேதி எனக்குத் தெரிவிக்கப்படுகிறது, அதுவும் முந்தின நாள். போன மாதம் ஏகாம்பரம் மகளின் காதுகுத்து என்பதே பட்டுப்புடவையை எடுத்து என் கையில் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. மாமல்லபுரத்துக்கு எப்போது கிளம்பினாலும், கார் கதவைச் சாத்துவதற்கு முன் செந்தில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "பாஸ்போர்ட் எடுத்தியா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. நிலவன் வகுப்பில், தான் இரண்டு நெதர்லாந்து பார்த்திருப்பதாகவும், அதில் புளிசோறு கிடைப்பதுதான் நல்லது என்றும் சொல்லி வைத்திருக்கிறான்.

இந்த வருடம் வித்யா இங்கே வருவதாக இருக்கிறாள். சென்ற வாரம் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். "அக்கா, எந்த மாசம் வந்தா உனக்குச் சரியா இருக்கும்? எத்தனை நாள் இருக்கட்டும்?" என்று பாசமாகக் கேட்டாள்.

நான் யோசிப்பதற்காக மூச்சை இழுத்தேன். இழுத்த மூச்சை விடுவதற்குள் அத்தை சமையலறையிலிருந்து ஓடி வந்து, மாவுக் கையோடு போனைப் பிடுங்கிவிட்டார்.

"யம்மா வித்யா, இவளாண்ட கேக்காத. நீ பாட்டுக்கு டிக்கெட்டப் போட்டுகினு வந்துகினே இரு. இவ நாள் பாத்துச் சொல்றதுக்குள்ள உனக்குப் புள்ள பொறந்து, அதுக்கும் மாமல்லபுரத்துலதான் சோறு எடுத்துகினு வரணும் நானு."